இடம் பார்த்து வைக்கிறவர்

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "தங்கமான மனுஷன், அதட்டிக்கூடப் பேசமாட்டார்" என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கத்துகிற மேனேஜர் என்றால் நாமும் திருப்பிக் கத்தலாம். வேலையை விட்டுப் போகும்போது நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இத்தனை வருஷமாக வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பிக் கம்பெனி. தடித்த இரும்புக் கம்பி சுருள் சுருளாக லாரியில் வந்து இறங்கும். அமிலத்தில் முக்கித் துருவை எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, இழுத்து மெலிசாக்கி, மறுபடி சுற்றி அனுப்புவார்கள். அவர் அங்கே பிளாண்ட் மேனேஜர். நான் ஆபீஸில் கடிதம் அடிக்கிறவள், ஃபைல் தூக்குகிறவள். திருவள்ளூரில் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். என் அண்ணன் எனக்கு முன்பே அங்கே இருந்தான். அவன் வேலை ஆசிட் செக்ஷனில்.

சாரின் குடும்பம் சென்னையில் இருந்தது. அவர் மட்டும் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். சாயங்காலம் நாலு மணி ஆனால் ஆபீஸிலிருந்து எழுந்து அங்கே போய்விடுவார். கையெழுத்து வாங்க வேண்டியதை எல்லாம் அதற்குப் பிறகு நான் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஹாலில் சோபா கிடையாது, டி.வி. கிடையாது. ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி இருந்தது.

முதல் நாள் நான் ஏதோ தங்க மீன் வளர்க்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். மீன் இரண்டோ மூன்றோதான் இருந்தது. அடியில் வெள்ளை மணல். மணல் மேல் சிவப்பும் பச்சையுமாக என்னென்னமோ பொங்கிக் கிடந்தன, புளித்த மாவு பாத்திரத்தை மீறி வருவது போல.

"பூவா சார்?" என்றேன்.

"பூ இல்லம்மா. உயிர். கோரல். கண்ணாடியில கை வைக்காத."

பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற கல் என்றுதான் அதுவரைக்கும் எனக்குத் தெரியும். இது சதைப் பவளம். அடியில் கல் மாதிரி எலும்பு, அதற்கு மேலே கொழகொழவென்று சதை. பகலில் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பயந்தால் சுருங்கும். சதை சுருங்கினால் உள்ளே இருக்கிற எலும்பின் விளிம்பு கத்திபோல் தெரியும். அப்படி ஓர் இடத்தில் எலும்பு தெரிந்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. கடலிலிருந்து இதையெல்லாம் எடுக்கவே கூடாது, சட்டம் இருக்கிறது என்று பின்னால் எப்போதோ பேப்பரில் படித்தேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "ஃபிரெண்டு அனுப்பினார்" என்பார். அவரிடம் அதற்கு மேல் யார் கேட்பது?

அவருக்கு வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான். "இடம்தாம்மா வைத்தியம். சரியான இடத்துல வெச்சுட்டா அது தன்னால பொழச்சுக்கும். தப்பான இடத்துல வெச்சுட்டு என்ன மருந்து ஊத்தினாலும் வேஸ்ட்டு."

சொன்னபடியே செய்வார், அதையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக ஒரு சிவப்புப் பவளம் வந்தபோது நான் கூடவே நின்று பார்த்தேன். உள்ளங்கை அகலம், மூளையைப் பிளந்து வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. அதைப் பாறை மேல் வைக்கமாட்டார். பாறையில் வைத்தால் உப்பும்போது சதை பாறை விளிம்பில் உரசிக் கிழியுமாம். மணலில்தான் வைக்க வேண்டும், அதுவும் விளக்குக்கு நேர் கீழே கூடாது. வந்த புதிதில் வெளிச்சம் கூசும் என்று தொட்டிக்கு மேலே கொசுவலைத் துணியை மடித்துப் போட்டு, சில நாளைக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீர் ஓடவும் வேண்டும், ஆனால் நேராக வந்து அடிக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு பவளம் இருந்தால் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும். இருட்டினதும் அதுகள் நூல்மாதிரி கையை நீட்டி ஒன்றையொன்று சுட்டுவிடுமாம்.

வைத்துவிட்டுப் போய்விடவும் மாட்டார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அது முகம் மலர்கிறதா என்று பார்ப்பார். மலரவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுப்பார். பிறகு ஒரு சாண் தள்ளி வைப்பார். தூக்கும்போதும் அடி எலும்பைத்தான் பிடிப்பார், சதையில் விரல் படாது. உப்பியிருக்கும்போது தண்ணீருக்கு வெளியே எடுக்கவே மாட்டார். உள்ளே இருக்கிற தண்ணீரின் பாரம் தாங்காமல் சதை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் என்பார். அது தானாகச் சுருங்குகிற வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருப்பார். நான் ஃபைலைக் கட்டிக்கொண்டு இடித்த புளி மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

சாப்பாடு பழவேற்காட்டு இறால். ஒரு பாய் வாரா வாரம் கொண்டுவந்து கொடுப்பார். அதைத் தோலுரித்து, குழந்தைக்குப் பிசைகிற மாதிரி பொடிப்பொடியாக நறுக்கி, நீளமான இடுக்கியில் பிடித்து ஒவ்வொரு வாயிலும் வைப்பார். மீன் வந்து பிடுங்கிக்கொண்டு போகாமல் மேலே ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து வைப்பார். "பெரிய துண்டு வெச்சா கக்கிடும். அதால சொல்ல முடியாது பாரு, நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

இந்த மனுஷன்தான் என் மேஜையை டாய்லெட் கதவுக்கு எதிரே போட்டார். பழைய இடத்தில் ஜன்னல் இருந்தது, வெயில் பட்டு கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். சரி, அது போகட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு நான் தட்டச்சு அடித்தேன். என் அண்ணன் நின்ற இடத்தைச் சொல்லுகிறேன்.

ஆசிட் செக்ஷன் ஷெட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினால் ஒரு மழைக்காலம் தாண்டாது, பெல் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். தகரக் கூரை ஓட்டை ஓட்டையாக இருக்கும். உள்ளே வரிசையாகத் தொட்டிகள், அவற்றில் அமிலம் கொதித்துப் புகையும். கிரேனில் தொங்குகிற கம்பிச் சுருளை அதில் இறக்க ஒருவன் விளிம்பில் நின்று கொக்கியால் தள்ளிக் கொடுக்க வேண்டும். விளிம்பில் நிற்கிறவன் என் அண்ணன். புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய புளோயர் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போதே கண் எரியும், மூக்கு எரியும். மூஞ்சியில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுப்பார்கள். ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள், உள்ளே போன புகையை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. அமிலப் புகை பட்டுப் பட்டு அண்ணனுக்கு முன்பற்கள் தேய்ந்து, விளிம்பு கண்ணாடிபோல் மெலிந்து குட்டையாகிவிட்டன. அந்தப் பல்லுக்கு வெல்லம்! எவன் கண்டுபிடித்த வைத்தியமோ, அவன் வாயில் மண்ணைப் போட.

பல்லை விட இருமல்தான் பெரிய தொந்தரவாக இருந்தது. படுத்தால் இருமுவான், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தான். அண்ணி ஒரு நாள் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "நீ டெய்லி அந்த சார் ஊட்டுக்குப் போய்க்கினு வர இல்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளேன். உங்கண்ணன பேக்கிங்ல போடச் சொல்லு. இல்லன்னா என் தாலிக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றாள். பேக்கிங் செக்ஷன் தனி ஷெட், புகை இல்லாத இடம். கம்பிச் சுருளைச் சாக்கில் சுற்றிக் கட்டுகிற வேலை. அங்கே போய்விட்டால் அண்ணன் பிழைத்துக்கொள்வான். அவனை அங்கே மாற்ற ஒரே ஒரு கையெழுத்துப் போதும், அது சாருடைய கையெழுத்து.

முதல் தடவை கேட்டபோது அவர் இடுக்கியில் இறால் துண்டோடு இருந்தார்.

"சார், எங்கண்ணா ஆசிட் செக்ஷன்ல இருக்காரு. ரொம்ப இருமுறாரு சார். பேக்கிங்க்கு மாத்தி விட்டீங்கன்னா..."

"ம்" என்றார். துண்டு வாய்க்குள் போய்ச்சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்போம்மா" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்காகச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நல்ல சேதி சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு அந்தப் பவர் கட் வருஷம் வந்தது. மணிக்கணக்கில் கரண்ட் போகும். கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் அது தாங்காது. எலக்ட்ரீஷியன் வந்து எதை ஓட்டுவது எதை நிறுத்துவது என்று கேட்டான். சார் யோசித்துப் பொறுமையாகச் சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன். கம்பி இழுக்கிற மிஷின் ஓடட்டும், கிரேன் ஓடட்டும். ஆசிட் செக்ஷன் புளோயர் வேண்டாம். "ஷெட்டு நல்லா தொறந்த ஷெட்டு. காத்து தன்னால போயிடும்." குவார்ட்டர்ஸ் லைன் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. தொட்டியில் பம்ப்பு ஓட வேண்டும், தண்ணீரைக் குளிர வைக்கிற மிஷினும் ஓட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் போனதும் என்னிடம் திரும்பி விளக்கமும் சொன்னார். "பம்ப்பு நின்னா தண்ணியில காத்து கொறஞ்சிடும்மா. பாவம், மூச்சு முட்டிடும் அதுங்களுக்கு."

என் காதால் கேட்டேன். அங்கே புளோயர் நின்றுபோன ஷெட்டுக்குள் என் அண்ணன் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இங்கே இந்த மனுஷன் பவளத்துக்கு மூச்சு முட்டும் என்கிறார். நான் இரண்டாம் தடவை கேட்டது அன்றைக்குத்தான். "சார், புளோயர் நின்னா எங்கண்ணாவால நிக்க முடியல சார். நேத்து வாந்தி எடுத்துட்டாரு."

"பழகிடும்மா" என்றார், அதே மெதுவான குரலில். "மனுஷ உடம்பு எதுக்கும் பழகும். இதுங்கதான் பாவம், வாயில்லா ஜீவன்."

என் அண்ணனுக்கு வாய் இருக்கிறதாம்! வாய் இருந்து என்ன புண்ணியம், அதைத் திறந்தால் இருமல்தானே வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் நல்ல பதில் எல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றும்.

மூன்றாம் தடவை சாமர்த்தியமாகக் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் பாஷையிலேயே கேட்டேன். தொட்டியின் வலது ஓரத்தில் நல்ல மணல் பரப்பு எப்போதும் காலியாகவே கிடக்கும். "அங்க ஏன் சார் ஒண்ணும் வைக்கல?" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாடம் கேட்கிற பிள்ளை கிடைத்துவிட்டது.

"அது பம்ப்புக்கு நேர் எதிர்ம்மா. தண்ணி அடிச்சு சதையக் கிழிச்சிடும். எதை வெச்சாலும் தாங்காது. இடம் வேஸ்ட்டாப் போவுதேன்னு பாக்கக் கூடாது. சில இடத்த சும்மா விட்டுடணும்."

"எங்கண்ணா நிக்கிற இடமும் அப்டித்தான் சார்" என்றேன். "யாரை வெச்சாலும் தாங்காது சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "உனக்கு அண்ணன்னா ரொம்ப உசுரு, இல்ல?" என்றார். "நல்லது. இந்தக் காலத்துல யாரு இப்டி இருக்கா." ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அது லாரிக்காரன் பில். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, காம்பவுண்டு வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். துக்கம் கொஞ்சம்தான், ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

கடைசியில் அண்ணனை அவர் மாற்றத்தான் செய்தார். எப்படி மாற்றினார் என்பதைக் கேளுங்கள்.

தொட்டியில் கை வைக்கிறவர்கள் எல்லோருடைய கையையும் அவர் முதலில் சோதிப்பார். "கையக் காட்டு" என்பார். தேங்காய் எண்ணெய், பவுடர், சோப்பு, பீடி நாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. துளி எண்ணெய் தண்ணீரில் படர்ந்தாலும் பவளம் சுருங்கிவிடுமாம். வீட்டு வேலைக்கு இருந்த ஆள் தலைக்கு எண்ணெய் தடவின கையைத் தொட்டிக்குள் விட்டான் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதற்கும் சத்தம் போடவில்லை. "நீ போயிடுப்பா" என்றார், அவ்வளவுதான்.

அந்த வாரம் உப்புத்தண்ணீர் டிரம் ஒன்று வந்தது. தூக்கி உள்ளே வைக்க ஆசிட் செக்ஷனிலிருந்து இரண்டு பேரை அழைத்துவரச் சொன்னார். வந்தவர்களில் அண்ணனும் ஒருவன். நான் ஃபைலோடு நிற்கிறேன். டிரம்மை இறக்கிவிட்டு அண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். சார் அவனைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்றார்.

அண்ணன் இரண்டு கையையும் நீட்டினான். அமிலத்திலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் ஊறி ஊறி வெளுத்துக் காய்ந்து, ரேகையெல்லாம் வெடித்துப் போன கை. சார் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ சுத்தமான கை!" என்றார். "பிசுக்கே இல்ல பாரும்மா. இந்த மாதிரி கைதான் எனக்கு வேணும்."

அண்ணனுக்குப் பெருமை. "பாத்தியா பாப்பா" என்று என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அந்தப் பல்லைச் சார் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரு, உங்க அண்ணனா? சொல்லவே இல்லியே நீ" என்று என்னிடம் வேறு கேட்டார்.

மறுநாளிலிருந்து அண்ணனுக்குக் குவார்ட்டர்ஸில் வேலை. கண்ணாடியில் படிகிற பாசியை வழிக்க வேண்டும், உப்புத்தண்ணீர் கலக்க வேண்டும், இறால் நறுக்க வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீரைக் கையால் அலசிக் கொடுக்க வேண்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் உடம்புக்காக மாற்றச் சொல்லிக் கெஞ்சியபோது மாற்றாத மனுஷன், அவன் கை வெந்துபோனது தன் தொட்டிக்கு வசதி என்று மாற்றுகிறார். அந்த வயிற்றெரிச்சலோடுதான் நான் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொன்னேன். எந்த வழியிலாவது அந்தப் புகையிலிருந்து அண்ணன் வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

வந்தான். ஒரு வாரம் போகும் முன்பே வித்தியாசம் தெரிந்தது. பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கினான். காலையில் நாஷ்டா இரண்டு தட்டு கேட்டான். அண்ணி முகத்தில் ரத்தம் ஊறியது. அண்ணன் ஓயாமல் பவளத்தைப் பற்றியே பேசினான். "அதுக்கு இருக்கிற ரோஷத்தப் பாரேன் பாப்பா. கொஞ்சம் தள்ளி வெச்சா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கெடக்குது. சார் தடவிக் குடுக்காத கொறதான். அந்த மனுஷன் கிட்ட வாங்கித் துன்ன குடுத்து வெச்சிருக்கணும்." எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். தூங்குகிறானே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வருஷக்கணக்காக இறங்கின புகை ஒரு மாதத்தில் போய்விடுமா? இருமல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் தொட்டிக்கு மேல் குனிந்து ஓரத்துப் பாசியை வழித்துக்கொண்டிருந்தபோது அது பிடித்துக்கொண்டது. இரண்டு கையும் தண்ணீருக்குள். வாயைப் பொத்த முடியவில்லை. அப்படியே தண்ணீர் மேலேயே இருமினான். எதிரே ஸ்டூலில் சார் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பவளம் அவர் கண் முன்னாலேயே சுருங்கி, எலும்பு தெரிந்தது.

இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சார் எழுந்தார், அவனைத் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். "தண்ணி மேல இருமக் கூடாதுப்பா" என்றார். பிறகு, ஆட்களுக்கு வேலை பிரித்துப் போடுகிற டைம் ஆபீஸுக்குப் போன் போட்டார். "இவருக்கு இருமல் இருக்கு. அது சரியாவுற வரைக்கும் பழைய எடத்துலயே இருக்கட்டும். சரியானதும் அனுப்புங்க."

எங்கே வந்த இருமல் எங்கே போய்ச் சரியாவது! அந்தச் சேதி ஆபீஸுக்கு வந்தபோது நான் டாய்லெட் கதவுக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். "வேணாம் பாப்பா, பேஜாரு பண்ணாத" என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டு உள்ளே போனேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

சார் முழங்கை வரைக்கும் தண்ணீரில் இருந்தார். சிவப்புப் பவளத்தை நிழலான மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்?" என்றேன். என் குரல் அந்த ஹாலில் எனக்கே புதிதாக இருந்தது. "இருமல் அங்க நின்னுதான் சார் வந்துச்சு. அங்கயே அனுப்பறீங்க! இந்தக் கல்லு சுருங்கினா உடனே எடம் மாத்தறீங்க. எங்கண்ணா இருமி இருமிச் சாவறாரு, நான் எத்தினி வாட்டி சொன்னேன்? இதே டேங்க்குக்கு முன்னாடி நின்னுதான சார் சொன்னேன்? அவரு மனுஷன் சார்!"

அவர் திரும்பவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்றார். பவளத்தை மணலில் அழுத்தாமல் இறக்கினார். சாய்கிறதா என்று பார்த்தார். கொஞ்சம் திருப்பி வைத்தார். அந்த ஒரு நிமிஷம் நான் நின்றேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அத்தனை பேசிவிட்டு, மேனேஜர் நிற்கச் சொன்னார் என்று நின்றேன். பக்கத்தில் அண்ணன் இருமல் வராமல் இருக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான்.

அவர் கையை எடுத்து, துவாலையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். உண்மையாகவே அக்கறையோடுதான் பார்த்தார், பொய் சொல்ல மாட்டேன்.

"எப்பலேந்துப்பா இந்த இருமல்?" என்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

மூன்று தடவை சொன்னது அந்த மனுஷன் காதில் விழவே இல்லை. மறைக்கவில்லை, நடிக்கவில்லை. இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி நிற்கிறார். தண்ணீர் மேல் பட்ட பிறகுதான் அது அவருக்கு இருமல். நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லுடா, வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு தூங்கினதைச் சொல்லு, பல்லைக் காட்டு என்று மனசுக்குள் கத்தினேன்.

அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். "தோ, இப்பதான் சார்" என்றான். "ரெண்டு நாளா. ஒண்ணும் இல்ல சார்."

"சரியாயிடும்" என்றார் சார்.

வீட்டுக்குப் போகும்போது அண்ணன் சைக்கிள் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லெவல் கிராசிங் தாண்டினோம். பிறகு கழுத்தைத் திருப்பாமலே, "கோச்சிக்காத பாப்பா" என்றான். "எவ்ளோ பெரிய மனுஷன். நீ அத்தினி பேசியும் ஒரு வார்த்த அதட்டல பாத்தியா? சாரே வாயத் தொறந்து என் இருமலப் பத்திக் கேட்டாரு. இன்னாத்துக்கு இனி கவல? அவரு பாத்துக்குவாரு."

"வண்டிய நிறுத்துண்ணா" என்றேன்.

இறங்கி மிச்ச வழியும் நடந்தே போனேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இருமிக்கொண்டு பின்னாலேயே வந்தான். மறுநாள் காலை ஷிப்டுக்கு எனக்கு முன்பே கிளம்பி ஆசிட் செக்ஷனுக்குப் போயிருந்தான்.